பெரிய நாய்களும் சிறு குழந்தைகளும்: பெற்றோர் பொறுப்பின் வரலாறு

சிறு குழந்தையும் பெரிய நாயும் ஒரே இடத்தில் இருக்கும்போது, குழந்தைக்குத் தீங்கு நேராமல் பார்த்துக்கொள்வது பெற்றோரின் அல்லது அந்நேரத்தில் குழந்தைக்குப் பொறுப்பான பெரியவரின் கடமையாகும். இன்று இது எல்லோருக்கும் தெரிந்த செய்தியாகத் தோன்றலாம். ஆனால் நாய்க்கடி பற்றிய சட்டங்களும் கதைகளும் பல நூற்றாண்டுகளாக வேறு கேள்விகளையே எழுப்பி வந்துள்ளன. நாய் யாருடையது, அது முன்பு கடித்திருக்கிறதா, எந்த இனத்தைச் சேர்ந்தது என்பவையே அக்கேள்விகள். கடி நேர்ந்த நேரத்தில் குழந்தையின் அருகில் யார் இருந்தார் என்ற கேள்வி மிக அண்மையில்தான் முதன்மை பெற்றது. இந்த மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது என்பதை, குறிப்பாகப் பிரித்தானியாவின் பட்டறிவைக் கொண்டு, இக்கட்டுரை விளக்குகிறது.

பழங்காலச் சட்டங்கள்

நாய்க்கடி குறித்த மிகப் பழைய சட்ட விதிகளுள் ஒன்று மெசொப்பொத்தேமியாவின் எசுனுன்னா நகரச் சட்டத் தொகுப்பில் காணப்படுகிறது. களிமண் பலகைகளில் எழுதப்பட்ட இத்தொகுப்பு ஏறத்தாழ கி.மு. 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஒருவருடைய நாய் கடிக்கும் இயல்புடையது என்று அப்பகுதி அதிகாரிகள் அவருக்கு அறிவித்திருக்க வேண்டும். அதன் பிறகும் அவர் நாயைக் காவலில் வைக்காமல் விட்டு, அது ஒரு மனிதனைக் கடித்துக் கொன்றால், அவர் 40 சேக்கல் வெள்ளி செலுத்த வேண்டும். இறந்தவர் அடிமையாக இருந்தால் 15 சேக்கல். முன்னறிவிப்பு, கவனமின்மை, இழப்பீடு ஆகிய மூன்று கருத்துகளும் இவ்விதியிலேயே இடம்பெற்றுள்ளன. பிற்கால நாய்ச் சட்டங்கள் பலவற்றின் அமைப்பும் இதுவே.

உரோமானியச் சட்டம், மக்கள் நடமாடும் வழிகளுக்கு அருகில் நாய், காட்டுப்பன்றி, கரடி, சிங்கம் போன்றவற்றைக் கட்டிவைப்பதைத் தடுத்தது. பொம்பெய் நகரின் ஒரு வீட்டு வாசலில் சங்கிலியால் பிணைக்கப்பட்ட கறுப்பு நாயின் உருவமும், நாய் குறித்த எச்சரிக்கை வாசகமும் பதிகல் ஓவியமாக இன்றும் உள்ளன. நம் ஊர் வெளிவாயில்களில் தொங்கும் ‘நாய்கள் ஜாக்கிரதை’ பலகையின் மூதாதை என்று அதனைச் சொல்லலாம். இரண்டுமே வெளியிலிருந்து வருபவருக்கான எச்சரிக்கைகள். அதே வீட்டின் உள்ளே தவழும் குழந்தைக்கு அவை எதுவும் சொல்வதில்லை.

இங்கிலாந்தின் ஆல்பிரட் மன்னர் 9ஆம் நூற்றாண்டில் வகுத்த சட்டத்தில், நாய் முதல் முறை கடித்தால் 6 ஷில்லிங், இரண்டாம் முறை 12, மூன்றாம் முறை 30 என்று தண்டத்தொகை ஏறிக்கொண்டே போனது. கடித்த நாய்க்குத் தொடர்ந்து சோறிட்டு வைத்திருப்பவர் அதன் குணத்தை அறிந்தவர் என்பது இதன் அடிப்படை. ஆங்கிலப் பொதுச் சட்டமும் பின்னாளில் இவ்வழியிலேயே வளர்ந்தது. நாயின் தீய குணத்தை உரிமையாளர் முன்பே அறிந்திருந்தார் என்று காட்டினால்தான் அவர் பொறுப்பாவார் என்பது நெடுங்கால நடைமுறையாக இருந்தது. இந்த முறையில் முதல் கடி ஓர் எச்சரிக்கையாகவே எடுத்துக்கொள்ளப்பட்டது. கடிபட்டது இரண்டு வயதுக் குழந்தையாக இருந்தால், அந்த எச்சரிக்கைக்கு மிகப் பெரிய விலை கொடுக்கப்பட்டுவிடுகிறது.

கதைகளில் தொட்டிலும் நாயும்

சட்டங்கள் நாயைக் குற்றவாளியாகப் பார்த்த அதே காலத்தில், கதைகள் அதைக் குழந்தையின் காவலனாகப் பார்த்தன. பிரான்சின் லியோன் நகருக்கு அருகிலுள்ள சிற்றூர்களில் கினஃபோர்ட் என்ற வேட்டைநாயை மக்கள் புனிதராக வழிபட்டதை, எத்தியேன் தெ பூர்போன் என்ற தொமினிக்கன் துறவி 13ஆம் நூற்றாண்டில் பதிவுசெய்தார். ஒரு கோட்டைத் தலைவனும் அவன் மனைவியும் செவிலியும் வெளியே சென்ற நேரத்தில் தொட்டிலை நோக்கிப் பாம்பு வந்தது. நாய் அதனைக் கடித்துக் கொன்றது. திரும்பி வந்தவர்கள் நாயின் வாயில் இரத்தத்தைக் கண்டு, அது குழந்தையைத் தின்றுவிட்டதாக எண்ணினர். தலைவன் நாயைக் கொன்ற பிறகே உண்மை தெரிந்தது. நோயுற்ற குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார்கள் அந்த நாயின் நினைவிடத்துக்குச் செல்லும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டு வரை நீடித்தது. வேல்சு நாட்டின் பெத்கெலர்ட் ஊரில் வழங்கும் கெலர்ட் என்ற நாயின் கதையும் இதே அமைப்புடையது. அங்கே பாம்புக்குப் பதிலாக ஓநாய் வருகிறது.

இக்கதையின் இந்திய வடிவம் பஞ்சதந்திரத்தில் உள்ள கீரிப்பிள்ளைக் கதை. தமிழில் இது சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையிலேயே இடம்பெற்றுள்ளது. குழந்தையைக் காத்த கீரியைக் கொன்ற பார்ப்பனப் பெண்ணைக் கணவன் பிரிந்து செல்ல, அவளுடைய பாவம் தீரக் கோவலன் பொருள் கொடுத்துக் கணவனுடன் சேர்த்துவைத்தான் என்று மாடலன் கூறுகிறான்.

பிரான்சிலும் வேல்சிலும் இந்தியாவிலும் இக்கதை உணர்த்தும் நீதி ஒன்றே: ஆராயாமல் செயல்படாதே. குழந்தையைத் தனியே விலங்கிடம் விட்டுச் சென்றது சரியா என்று எந்த வடிவமும் கேட்பதில்லை. பெற்றோரின் தவறு, அவர்கள் திரும்பி வந்த பிறகுதான் தொடங்குகிறது. விசுவாசமுள்ள விலங்கு குழந்தையைக் காக்கும் என்பதில் கதை சொன்னவர்களுக்கும் கேட்டவர்களுக்கும் ஐயம் எழவில்லை.

‘செவிலி நாய்’ என்னும் படிமம்

இந்த நம்பிக்கை தற்காலத்தில் புதிய வடிவம் பெற்றது. 1904இல் இலண்டனில் அரங்கேறிய ஜே. எம். பேரியின் ‘பீட்டர் பான்’ நாடகத்தில் குழந்தைகளின் செவிலியாக இருப்பது நானா என்ற நியூஃபவுண்ட்லாந்து நாய். தந்தை அந்த நாயை முற்றத்தில் கட்டிப்போட்ட இரவில்தான் குழந்தைகள் வீட்டை விட்டுப் பறந்து போகிறார்கள். அமெரிக்காவில் 1985இல் வெளிவந்த ‘குட் டாக், கார்ல்’ என்ற படப்புத்தகத்தில், தாய் வெளியே சென்றிருக்கும்போது கைக்குழந்தையை ஒரு ராட்வீலர் கவனித்துக்கொள்கிறது.

நாய் இனங்களைப் பற்றிய பரப்புரையிலும் இப்படிமம் நுழைந்தது. ஸ்டாஃபோர்ட்ஷயர் புல் டெரியர் ஒரு காலத்தில் ‘செவிலி நாய்’ என்று அழைக்கப்பட்டது என்ற செய்தி பலராலும் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. அதற்குப் பழைய சான்று எதுவும் காட்டப்படவில்லை. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்க நாளிதழ் ஒன்றில் அவ்வினத்தைப் பாராட்டி வந்த பேச்சே அதன் தொடக்கமாகத் தெரிகிறது. பிட்புல் நாய்களுக்காகக் குரல்கொடுக்கும் கலிபோர்னியாவின் பேட்ராப் அமைப்பே 2013இல் இச்செய்தியைக் கைவிட்டு, எந்த நாயையும் குழந்தையுடன் தனியே விடக் கூடாது என்று வலியுறுத்தியது.

1991: இனத்தைக் குறிவைத்த சட்டம்

பிரித்தானியாவில் நாய்களுக்கான முதன்மைச் சட்டமாக நெடுங்காலம் இருந்தது 1871ஆம் ஆண்டின் நாய்கள் சட்டம். ஆபத்தான நாயைக் கட்டுக்குள் வைக்கவோ கொல்லவோ நீதிபதி ஆணையிட அது வழிசெய்தது. உரிமையாளர் அதன்கீழ் குற்றவாளி ஆவதில்லை.

1991ஆம் ஆண்டின் முதற்பாதியில் பிட்புல் வகை நாய்கள் பொது இடங்களில் நடத்திய தாக்குதல்கள் பெரும் அதிர்ச்சியை ஏற்படுத்தின. கடிபட்டவர்களுள் ஆறு வயதுச் சிறுமி ஒருவரும் இருந்தார். செய்தித்தாள்கள் நாள்தோறும் நடவடிக்கை கோரின. அன்றைய உள்துறை அமைச்சர் கென்னத் பேக்கர் விரைந்து கொண்டுவந்த ஆபத்தான நாய்கள் சட்டம் அதே ஆண்டு ஆகஸ்ட் 12 அன்று நடைமுறைக்கு வந்தது. பிட்புல் டெரியர், ஜப்பானிய தோசா, தோகோ அர்ஜென்டீனோ, ஃபிலா பிரசிலெய்ரோ ஆகிய நான்கு வகைகளும் அதன் முதற்பிரிவின்கீழ் தடைசெய்யப்பட்டன. எந்த இன நாயானாலும் பொது இடத்தில் ஆபத்தான முறையில் கட்டுமீறி இருந்தால் அது குற்றம் என்று மூன்றாம் பிரிவு கூறியது.

அவசரத்தில் இயற்றப்பட்ட சட்டத்திற்கு எடுத்துக்காட்டாக இது பின்னர் அடிக்கடி சுட்டப்பட்டது. ஒரு நாய் பிட்புல் வகையா இல்லையா என்பதை அதன் உடலமைப்பை அளந்தே முடிவுசெய்ய வேண்டியிருந்தது. தவறியேனும் தடைவகை நாயை வைத்திருந்தால் அதனைக் கொன்றே ஆகவேண்டும் என்ற கடுமை 1997ஆம் ஆண்டுத் திருத்தத்தில் தளர்த்தப்பட்டது. ஆனால் குழந்தைகளைப் பொறுத்தவரை இச்சட்டத்தின் பெரிய குறை வேறிடத்தில் இருந்தது. அது தெருவையும் பூங்காவையும் பார்த்தது, வீட்டைப் பார்க்கவில்லை.

வீட்டுக்குள் எட்டாத சட்டம்

2006ஆம் ஆண்டு செப்டம்பரில் லெஸ்டர் நகரில் ஒரு மதுவிடுதியின் குடியிருப்புப் பகுதியில் ஐந்து மாதக் குழந்தையை இரண்டு ராட்வீலர் காவல் நாய்கள் கொன்றன. ராட்வீலர் தடைசெய்யப்பட்ட வகை அன்று. நிகழ்ந்த இடமும் பொது இடம் அன்று. அடுத்த புத்தாண்டு நாளில் மெர்சிசைடு பகுதியில் ஒரு வீட்டில், உறவினரின் பிட்புல் வகை நாய் ஐந்து வயதுச் சிறுமியைக் கொன்றது. நாய் வைத்திருந்தவர் தடைவகை நாயை வைத்திருந்த குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டார். அன்றிரவு குழந்தையைக் கவனித்திருந்த பாட்டி மீது மரணம் விளைவித்த குற்றம் சாட்டப்பட்டது. நடுவர் குழு அவரைக் குற்றமற்றவர் என விடுவித்தது.

இவ்வழக்கு ஓர் அடிப்படைச் சிக்கலை வெளிப்படுத்தியது. தடைவகை நாயை வீட்டில் வைத்திருப்பது குற்றம் என்பது தெளிவாக இருந்தது. அந்த நாய் இருக்கும் அறையில் குழந்தை இருக்கும்படி விட்ட பெரியவரின் பொறுப்பு என்ன என்பதற்குச் சட்டத்தில் தெளிவான விடை இல்லை. 1933ஆம் ஆண்டின் குழந்தைகள், இளையோர் சட்டம், தன் பொறுப்பில் உள்ள குழந்தையை வேண்டுமென்றே புறக்கணிப்பதைக் குற்றமாக்கியிருந்தது. 1989ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம் ‘பெற்றோர் பொறுப்பு’ என்ற சொல்லையே சட்டக் கருத்தாக வரையறுத்திருந்தது. இரண்டிலும் நாய் பற்றிப் பேச்சில்லை. நாய்ச் சட்டத்தில் குழந்தை இல்லை, குழந்தைச் சட்டத்தில் நாய் இல்லை என்ற நிலையே நிலவியது.

2014ஆம் ஆண்டு மே மாதம் நடைமுறைக்கு வந்த திருத்தம் இந்த இடைவெளியின் ஒரு பகுதியை அடைத்தது. அதன்படி, உரிமையாளரின் சொந்த வீடு உட்பட எந்த இடத்திலும் நாய் ஆபத்தான முறையில் கட்டுமீறினால் அது குற்றமாகும். மரணம் நேர்ந்தால் 14 ஆண்டுகள் வரையும், காயம் நேர்ந்தால் 5 ஆண்டுகள் வரையும் சிறைத்தண்டனை விதிக்கலாம். அத்துமீறி வீட்டுக்குள் நுழைபவரை நாய் கடிப்பதற்கு மட்டும் குறிப்பிட்ட விலக்கு அளிக்கப்பட்டது. வீட்டின் வரவேற்பறையும் குழந்தையின் படுக்கையறையும் இதன்மூலம் முதன்முறையாக இக்குற்றவியல் விதியின் எல்லைக்குள் வந்தன.

ஆய்வுகள் காட்டிய உண்மைகள்

சட்டம் இனங்களைப் பற்றி விவாதித்துக்கொண்டிருந்த ஆண்டுகளில், மருத்துவர்களும் கால்நடை மருத்துவர்களும் கடி நேர்ந்த சூழ்நிலைகளை ஆராயத் தொடங்கினர். சிறு குழந்தைகளைக் கடிப்பவை பெரும்பாலும் அறிமுகமில்லாத தெருநாய்கள் அல்ல, வீட்டு நாய்களோ உறவினர், அண்டைவீட்டார் நாய்களோதான் என்பது மேலைநாட்டு மருத்துவமனைப் பதிவுகள் பலவற்றில் தெரியவந்தது.

அமெரிக்காவில் 1979 முதல் 1998 வரை நிகழ்ந்த நாய்க்கடி மரணங்களுள் இனம் தெரியவந்த 238 நிகழ்வுகளை ஆராய்ந்தபோது, அவற்றில் குறைந்தது 25 இன நாய்கள் இருந்தன. 2000 முதல் 2009 வரையிலான 256 மரணங்களை ஆராய்ந்து 2013இல் வெளியான மற்றோர் ஆய்வு இன்னும் தெளிவான செய்தியைத் தந்தது. தடுக்க வல்ல ஒருவர் அருகில் இல்லாமை 87.1 விழுக்காட்டு மரணங்களில் காணப்பட்டது. 85.2 விழுக்காட்டில் இறந்தவருக்கும் நாய்க்கும் நெருங்கிய பழக்கம் இல்லை. 77.4 விழுக்காட்டில் இறந்தவர் வயதினாலோ உடல்நிலையாலோ நாயிடம் தக்கபடி நடந்துகொள்ள இயலாத நிலையில் இருந்தார். பெரும்பாலான நிகழ்வுகளில் இவைபோன்ற பல காரணங்கள் ஒருங்கே சேர்ந்திருந்தன. இவற்றில் பலவும் மனிதர்கள் முன்கூட்டியே மாற்றியிருக்கக் கூடியவை.

இவ்விரு செய்திகளும் முரண்படுவதுபோல் தோன்றலாம். மருத்துவமனைக்கு வரும் சாதாரணக் கடிகளில் நாய் பழகியது. மரணங்களிலோ நெருங்கிப் பழகாத நாய்கள் மிகுதி. பெற்றோருக்கு இதன் பொருள் எளியது. சொந்த நாய் என்பதால் கவனத்தைக் குறைக்கக் கூடாது. தாத்தா வீட்டு நாய், விருந்துக்குப் போன வீட்டு நாய், புதிதாக வாங்கிவந்த வளர்ந்த நாய் ஆகியவற்றிடம் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும்.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஆய்வு ஒன்று 2007இல் வெளிவந்தது. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் கடிபடுவது பெரும்பாலும் நாய் தன் உணவையோ, தன்னுடையதாக நினைக்கும் பொருளையோ காக்கும் நேரத்தில் என்று அது காட்டியது. கடித்த நாய்களில் பல அதற்குமுன் எந்தக் குழந்தையையும் கடித்ததில்லை. எசுனுன்னா காலம் முதல் சட்டம் எதிர்பார்த்திருந்த முன்னறிவிப்பு, இந்நிகழ்வுகளில் பெரும்பாலும் கிடைப்பதே இல்லை.

குழந்தையின் பார்வையும் நாயின் மொழியும்

சிறு குழந்தைக்கு ஆபத்து மிகுவதற்கு உடலமைப்பும் ஒரு காரணம். இரண்டு மூன்று வயதுக் குழந்தையின் முகம் பெரிய நாயின் வாய்க்கு நேராக இருக்கிறது. வளர்ந்தவருக்குக் கையிலோ காலிலோ விழும் கடி, குழந்தைக்கு முகம், தலை, கழுத்தில் விழுகிறது. சிறிய நாயும் கடிக்கும். அதன் கடி வடுவோடு போகலாம். நாற்பது கிலோ எடையுள்ள நாயின் ஒரே கடி உயிரைப் பறிக்கலாம். இனம் எதுவானாலும் உருவத்தின் அளவு முக்கியம் என்பது இதனால்தான்.

மற்றொரு காரணம் குழந்தையின் அறிவு வளர்ச்சி. பிரித்தானியாவின் லிங்கன் பல்கலைக்கழக உளவியலாளர் கெர்ஸ்டின் மைன்ட்ஸ் தம் குழுவினருடன் நடத்திய ஆய்வுகளில், சிறு குழந்தைகள் நாயின் முகக்குறிப்புகளைத் தவறாகப் புரிந்துகொள்வது தெரியவந்தது. பல்லைக் காட்டி உறுமும் நாய் சிரிக்கிறது என்று அவர்களில் பலர் எண்ணினர். புதிய பொருளைக் கண்டால் முகத்தை அருகில் கொண்டுபோய்ப் பார்ப்பதும் இந்த வயதின் இயல்பு. எச்சரிக்கும் நாயை நோக்கிக் குழந்தை முகத்தை நீட்டுவது குறும்பினால் அன்று.

பிரித்தானியக் கால்நடை மருத்துவர் கெண்டல் ஷெப்பர்ட், கடிக்கு முன் நாய் காட்டும் குறிப்புகளை ஒரு படிக்கட்டாக வரிசைப்படுத்தினார். கொட்டாவி விடுதல், மூக்கை நக்குதல், முகத்தைத் திருப்பிக்கொள்ளுதல் ஆகியவை கீழ்ப்படிகள். விலகிப்போதல், உடலைக் குறுக்கி வாலை ஒடுக்குதல் ஆகியவை அடுத்தவை. அதற்குமேல் உடல் விறைத்து உற்றுநோக்குதல், உறுமுதல், காற்றில் கவ்வுதல் என ஏறி, இறுதியில் கடி வருகிறது. கீழ்ப்படிகளைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. நாய் தூக்கம் வந்து கொட்டாவி விடுகிறது என்றே நினைக்கின்றனர். உறுமும்போது அடித்து அடக்கப்பட்ட நாய் உறுமலை விட்டுவிடக்கூடும். எரிச்சல் அப்படியே இருக்க, எச்சரிக்கை மட்டும் மறைந்துவிடுகிறது. “சொல்லாமல் கொள்ளாமல் கடித்துவிட்டது” என்று பின்னர் பேசப்படும் நாய்களுள் இப்படி அடக்கப்பட்டவையும் உண்டு.

குழந்தைகளுக்கே இதைக் கற்பிக்கும் முயற்சியாக ஐரோப்பாவில் உருவானது ‘நீல நாய்’ என்ற கல்வித் திட்டம். 2006இல் வெளிவந்த இது, மூன்று முதல் ஆறு வயதுவரையிலான குழந்தைகள் பெற்றோருடன் அமர்ந்து விளையாடும் கணினிக் கதைகளைக் கொண்டது. உண்ணும் நாய், உறங்கும் நாய், பொம்மையைக் கவ்வியிருக்கும் நாய் எனச் சூழ்நிலைகளைக் காட்டி, எதைச் செய்யலாம் என்று அது கேட்கிறது. குழந்தை சரியான விடையைச் சொல்லக் கற்றாலும், உண்மையான நாய் முன் அதை மறந்துவிடும். அதனால் இக்கல்வி மேற்பார்வைக்கு மாற்றாகாது. பெற்றோரையும் சேர்த்துக் கற்பிப்பதே இதன் பெரும்பயன்.

மேற்பார்வை என்பதன் பொருள்

‘குழந்தையையும் நாயையும் தனியே விடாதீர்கள்’ என்ற அறிவுரை எங்கும் காணப்படுகிறது. ஆனால் அதே அறையில் அமர்ந்து கைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பதும், அடுப்படியிலிருந்து அவ்வப்போது எட்டிப்பார்ப்பதும் மேற்பார்வை ஆகா. கடி ஒரு நொடியில் முடிந்துவிடும். வியன்னாவின் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் பெற்றோரிடையே நடத்திய ஆய்வு ஒன்றிலும், சொந்த நாய் என்றால் பெரியவர்கள் ஆபத்தைக் குறைத்து மதிப்பிடுவது தெரிந்தது.

இத்துறையினர் இன்று வலியுறுத்தும் வழிகள் பின்வருமாறு:

மேற்பார்வை செய்பவர் குழந்தைக்கும் நாய்க்கும் இடையில், கை எட்டும் தொலைவில், வேறு வேலையின்றி இருக்க வேண்டும். அவ்வாறு இருக்க முடியாத நேரத்தில் இருவரையும் கதவாலோ தடுப்பு வாயிலாலோ பிரித்துவைக்க வேண்டும்.

நாய் உண்ணும்போதும், உறங்கும்போதும், நோயுற்றிருக்கும்போதும், குட்டிகளுடன் இருக்கும்போதும் குழந்தை அருகில் செல்லக் கூடாது. குழந்தையால் போக முடியாத ஒரு தனியிடம் நாய்க்கு இருக்க வேண்டும்.

கட்டிப்பிடித்தல், மேலே ஏறி அமர்தல், காதையும் வாலையும் இழுத்தல் ஆகியவற்றை நாய் பொறுத்துக்கொண்டாலும் குழந்தையை அனுமதிக்கக் கூடாது. பொறுமையாக இருக்கும் நாய் மகிழ்ச்சியாக இருக்கிறது என்று பொருளாகாது.

உறங்கும் கைக்குழந்தையின் அறைக்குள் நாயைத் தனியே விடக் கூடாது. கைக்குழந்தையின் அழுகையும் அசைவும் சில நாய்களைத் தூண்டக்கூடும்.

பெரிய நாயை நடத்திச் செல்லும் பொறுப்பைச் சிறுவர்களிடம் ஒப்படைக்கக் கூடாது. இழுத்துக்கொண்டு ஓடும் நாயை அவர்களால் பிடித்து நிறுத்த முடியாது.

பிள்ளைகளுடன் விருந்தினர் வரும்போது நாயை வேறிடத்தில் வைப்பதே நல்லது. வந்தவர் வீட்டில் நாய் இருக்கிறதா என்று கேட்பதில் கூச்சம் கூடாது.

எக்ஸ்எல் புல்லி: பழைய கேள்வி மீண்டும்

2021 முதல் பிரித்தானியாவில் எக்ஸ்எல் புல்லி எனப்படும் பெரிய உடல்வாகு கொண்ட நாய்களின் தாக்குதல்கள் கவலைக்குரியவையாயின. இறந்தவர்களுள் குழந்தைகளும் இருந்தனர். 2023 செப்டம்பரில் அன்றைய பிரதமர் ரிஷி சுனக் இவ்வகைக்குத் தடை அறிவித்தார. இங்கிலாந்திலும் வேல்சிலும் அவ்வாண்டு டிசம்பர் 31 முதல் இவற்றை விற்கவும் இனப்பெருக்கம் செய்யவும் தடை வந்தது. 2024 பிப்ரவரி 1 முதல் விலக்குச் சான்றிதழ் இல்லாமல் வைத்திருப்பதே குற்றமாயிற்று. சான்றிதழ் பெற்றவர்கள் நாய்க்குக் கருத்தடை செய்து, அடையாளச் சில்லு பொருத்தி, காப்பீடு எடுத்து, பொது இடத்தில் கயிறும் வாய்மூடியும் அணிவித்துக் கொண்டுசெல்ல வேண்டும்.

இத்தடையை வரவேற்றவர்கள், பெருங்காயம் விளைவிக்கும் ஆற்றலுள்ள நாய்களின் எண்ணிக்கை குறைந்தாலே உயிர்கள் காக்கப்படும் என்றனர். எதிர்த்தவர்கள், 1991இல் செய்த தவறே திரும்பச் செய்யப்படுகிறது என்றனர். நெதர்லாந்து 1993இல் விதித்த பிட்புல் தடையைப் பயனில்லை என்று 2008இல் விலக்கிக்கொண்டதை அவர்கள் சுட்டிக்காட்டினர். இரு தரப்பு வாதங்களிலும் பொருள் உண்டு. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வாய்மூடி கட்டாயமாவது பொது இடத்தில்தான். வீட்டுக்குத் திரும்பியதும் அது கழற்றப்படுகிறது. அதன்பின் குழந்தைக்கும் நாய்க்கும் இடையில் நிற்பது அந்த வீட்டின் பெரியவர் ஒருவரே.

இந்தியாவிலும் தமிழ்நாட்டிலும்

இந்தியாவில் விலங்குகளை அலட்சியமாக வைத்திருப்பதைக் குற்றமாக்கியது, பிரித்தானிய ஆட்சியில் 1860இல் இயற்றப்பட்ட இந்திய தண்டனைச் சட்டத்தின் 289ஆம் பிரிவு. ஆறு மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம் அதில் இருந்தது. 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு அபராதத்தை 5,000 ரூபாயாக உயர்த்தியது. 2024 மார்ச்சில் மத்திய அரசு பிட்புல், ராட்வீலர் உள்ளிட்ட 23 வகை நாய்களைத் தடுக்கும்படி மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அதனை ரத்து செய்தது.

அதே ஆண்டு மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் உள்ள மாநகராட்சிப் பூங்காவில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வீலர் நாய்கள் கடித்துக் குதறின. நாய்களின் உரிமையாளர் கைது செய்யப்பட்டார். இந்நிகழ்வு பெற்றோர் பொறுப்பின் எல்லையையும் காட்டுகிறது. பூங்காவில் விளையாடும் குழந்தையின் பெற்றோர், பிறர் அவிழ்த்துவிட்ட நாய்களுக்கு ஈடுகொடுக்க முடியாது. அங்கே முழுப் பொறுப்பும் நாயைக் கொண்டுவந்தவருடையது. வீட்டுக்குள் நாயும் குழந்தையும் ஒருவருடைய பராமரிப்பிலேயே இருக்கும்போது இவ்விரு பொறுப்புகளும் ஒன்றாகிவிடுகின்றன.

இந்தியாவில் வெறிநாய்க்கடி நோயின் ஆபத்தும் சேர்ந்துள்ளது. திட்டு விழும் என்று அஞ்சிக் குழந்தை சிறு கீறலை மறைப்பது உண்டு. வீட்டு நாயானாலும், தடுப்பூசி போட்ட நாயானாலும், காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். கடித்ததைச் சொன்னால் அடிக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையைக் குழந்தைக்குத் தருவதும் பெற்றோரின் கடமையே.

தண்டனையும் தடுப்பும்

குழந்தையை இழந்த பெற்றோரைச் சட்டம் எவ்வளவு தண்டிக்கலாம் என்பது இன்றும் தீராத கேள்வி. பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவருக்குச் சிறையைவிடப் பெரிய தண்டனை ஏற்கெனவே கிடைத்துவிட்டது என்பர் சிலர். பேசத் தெரியாத குழந்தைக்கு வேறு காவல் இல்லை என்பதால் அலட்சியத்தைச் சட்டம் கண்டுகொள்ளாமல் விட முடியாது என்பர் வேறு சிலர். இவ்வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவர்களைக் கொடியவர்கள் என்று சொல்லிவிட முடியாது. அவர்கள் பெரும்பாலும் தங்கள் நாயை நம்பியவர்கள். கினஃபோர்டின் கதையைச் சொன்ன உழவர்கள் நம்பியதும் அதையேதான்.

எசுனுன்னாவின் 40 சேக்கல் வெள்ளி முதல் இன்றைய 14 ஆண்டுச் சிறை வரை, தண்டனைகள் அனைத்தும் கடித்த பின்பு வருபவை. கடிக்கு முன் செய்யக்கூடியது மூடிய கதவும், கை எட்டும் தொலைவில் ஒரு பெரியவரும், நாய் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்போது அதைக் கவனிக்கும் கண்ணும்தான். நாயின் நற்குணத்தின் மீதுள்ள நம்பிக்கை இந்தக் கவனத்தின் இடத்தை நிரப்ப முடியாது என்பதே, இந்த நீண்ட வரலாற்றிலிருந்து பெற்றோர் எடுத்துக்கொள்ளத்தக்க செய்தி.